ஹோரஸ் வானக் கடவுள் என்றால் நூத் யார்?

மாடிவாசகி:
எகிப்தியப் புராணம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் நூத்தான் வானம். உடம்பெல்லாம் நட்சத்திரமாக, பூமிக்கு மேல் வளைந்து நிற்கிறாள். இன்னோரிடத்தில் வல்லூறுத் தலை கொண்ட ஹோரஸ் வானக் கடவுள். ஆனால் ஹோரஸ், நூத்தின் மகனான ஒசிரிஸின் மகன், அதாவது நூத்தின் பேரன்! எது சரி?

கதிரொளி:
இரண்டும்தான். ஹோரஸின் வலக்கண் சூரியன், இடக்கண் சந்திரன். சண்டையில் ஒசிரிஸின் தம்பி சேத் சிதைத்த இடக்கண்ணை அறிவுக் கடவுள் தோத் குணமாக்கினார். நிலா தேய்வதையும் வளர்வதையும் அந்தக் கண்ணோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

நைல்கரை:
அந்தப் பேரன் உறவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். ஒசிரிஸ் கதை எழுத்தில் கிடைப்பது சக்காராவில் உனாஸ் மன்னரின் பிரமிடில், சுமார் கி.மு. 2350-ல். வல்லூறு அதைவிட மிகப் பழையது.

கெய்ரோ அருங்காட்சியகத்தில் ஒரு தந்தச் சீப்பு இருக்கிறது. அபிடோசில் கிடைத்தது, முதல் வம்சத்து அரசர் ஜெத்துடையது, அதாவது கி.மு. 3000-ஐ ஒட்டிய காலம். சின்னச் சாமான்தான், ஆனால் கீறியிருப்பதைப் பாருங்கள். கீழே அரசர் பெயரைக் குறிக்கும் பாம்பு ஒரு சட்டத்துக்குள். சட்டத்தின் மேல் வல்லூறு. இருபுறமும் செங்கோல்கள். அவற்றுக்கு மேல் விரிந்த இரண்டு சிறகுகள். தலையும் இல்லை, உடம்பும் இல்லை, வெறும் சிறகு. அதுதான் வானம்! சிறகுக்கு மேலே ஒரு படகு, அதில் இன்னொரு வல்லூறு வானத்தைக் கடந்து போகிறது.

அரசன், ஆகாயம், ஆகாயத்தில் போகிறவர் என்று எல்லாமே வல்லூறாக, தலைவாரும் சீப்பில்! எப்போது பார்த்தாலும் மெய்சிலிர்க்கும். என்னைக் கேட்டால் ஹோரஸ் முதலில் வானம், மகன் உறவெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது. நூத்தின் கதை ஹெலியோபோலிஸ் நகரத்துப் பூசாரிகள் வளர்த்தது. புதுக் கதை வந்ததும் பழையதைத் தூக்கி எறிகிற பழக்கம் எகிப்தியருக்கு இல்லை.

கல்தச்சன்:
அந்தச் சிறகு கடைசிவரை மறையவே இல்லை. எத்ஃபுவில் ஹோரஸ் கோயிலைக் கி.மு. 237-ல் தொடங்கி 57-ல் முடித்தார்கள். அங்கே வாசல் நிலைகளுக்கு மேலே சிறகு விரித்த சூரிய வட்டம் இருக்கும். அவர்தான் பெஹ்தெத் (எத்ஃபுவின் பழைய பெயர்) ஹோரஸ்.

மாடிவாசகி:
சீப்பின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன், அருமை! அப்போ ரா-ஹோரக்தி?

நைல்கரை:
சூரியக் கடவுள் ராவோடு ஒன்றான ஹோரஸ். வல்லூறுத் தலைமேல் சூரிய வட்டம் இருந்தால் பெரும்பாலும் அவர்; இரட்டை மகுடம் இருந்தால் ஹோரஸ்.