மறுமொழி: ‘டை லாட்’ – தமிழில் என்ன சொல்வது?

வேலூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

குரோஷா பின்னல் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது மற்ற சொற்கள் எப்படியோ வந்துவிடுகின்றன. சங்கிலி, வரிசை, சுற்று, கொக்கி ஊசி எல்லாம் யாருக்கும் புரிகிறது. ‘டை லாட்’ மட்டும் நகர மறுக்கிறது.

நூல்கண்டைச் சுற்றியுள்ள தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நிற எண். கம்பெனியின் பட்டியலில் அந்தக் கிளிப்பச்சைக்கு என்ன எண்ணோ அது, அடிக்கடி மாறாது. மற்றதுதான் டை லாட்: எந்த முறை சாயம் ஏற்றியபோது அந்தக் கண்டு வந்தது என்று சொல்லும் எண். நிற எண் ஒன்றாகவே இருந்து இந்த இரண்டாவது எண் மட்டும் வேறானால், கடை டியூப்லைட்டில் வித்தியாசம் தெரியாது. 60 வரிசை பின்னி, வாசல் வெயிலில் விரித்துப் பார்க்கும்போது கண்டு மாறிய வரிசையில் கோடு கிழித்ததுபோல் தெரியும். அதன்பிறகு பிரிப்பதைத் தவிர வழியில்லை.

குறிப்பில் ஒரே ஒரு வரிதான் வரும்: “பின்னணி நிறத்துக்கு எல்லாக் கண்டும் ஒரே ______ ஆக வாங்கவும்.” கோடிட்ட இடத்துக்குச் சொல் வேண்டும். இதுவரை காதில் விழுந்தவை: சாயத்தொகுதி, தொட்டி எண், தோய்ப்பு எண். ‘லாட் நம்பர்’ என்றே விட்டுவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஆம்பூரிலிருந்து

விட்டுவிடலாம் என்பதே என் கட்சி. தோல் பதனிடும் இடத்தில் சாயம் ஏற்றுவது மரட்ரம்மில். ஒரே ட்ரம்மில் ஒரே நேரத்தில் சுழன்ற தோலைத்தான் ஒரு ஜோடிக்கு வெட்டுவார்கள். இல்லையென்றால் இடது செருப்பு ஒரு பழுப்பு, வலது செருப்பு ஒரு பழுப்பு. அங்கே எல்லோரும் ‘லாட்’ என்றே சொல்கிறார்கள், யாருக்கும் குழப்பமில்லை. புழங்குகிற சொல்லை எதற்குத் துரத்த வேண்டும்?

புதுச்சொல் வேண்டும் என்றே முடிவானால் ‘சாயத்தொகுதி’ வேண்டாம். தொகுதி என்றதும் தேர்தல் நினைவு வருவது ஒருபக்கம். நூல் கடையில் பன்னிரண்டு நிறம் சேர்த்து ‘செட்’ விற்கிறார்கள். சாயத்தொகுதி என்று படித்தவர் அந்த செட்டைத்தான் கேட்டு வாங்கி வருவார்.

குடியாத்தத்திலிருந்து

ஆம்பூர் அண்ணன் சொன்னது தோலுக்குச் சரி. நூலுக்கு ‘லாட்’ ஆகாது. நூல் வியாபாரத்தில் லாட் சரக்கு என்றால் மில்லில் மிஞ்சியது, எடை போட்டுக் கலந்து விற்பது. அதில்தான் ஒரே பச்சையில் நாலு விதம் இருக்கும். ‘ஒரே லாட்டாக வாங்கு’ என்று எழுதினால் போய் அந்த மூட்டையில் கைவிடுவார்கள். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

‘தொட்டி எண்’ணும் பொருந்தாது. ஏன் என்று சொல்ல, சாயம் ஏன் முறைக்கு முறை மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் என்று வையுங்கள். 10 கிலோ நூல், ஒன்றுக்கு இருபது என்ற கணக்கில் 200 லிட்டர் தண்ணீர், 2 சதவீத நிறத்துக்கு 200 கிராம் சாயம். உப்பு போட்டால் சாயம் நூலை நோக்கிப் போகும். பிறகு சோடா போட்டால் நூலோடு பிணையும். அடுத்த முறை அதே தொட்டி, அதே 200 கிராம், ஆனால் நூல் 9.5 கிலோதான் என்றால் நிறம் 2.1 சதவீதம் ஆகிவிட்டது. தண்ணீர் 250 லிட்டர் ஊற்றினால் சாயத்தில் அதிகம் தண்ணீரிலேயே தங்கும், நிறம் வெளுக்கும். சோடாவை அவசரப்பட்டு முன்னாலேயே கொட்டினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சூடு 60 டிகிரியிலிருந்து இறங்கினாலும் மாறும். கிணற்றுத் தண்ணீரின் கடினம் மாறினாலும் மாறும். பாலாற்றுப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே சாயத்தில் வரும் நிறம் அவ்வளவாகப் படுத்தாது. சாம்பல், பழுப்பு, பாசிப்பச்சை மாதிரி இரண்டு மூன்று சாயம் கலந்தவைதான் ஏமாற்றும். ஒவ்வொரு சாயமும் தன் வேகத்தில் நூலில் ஏறுகிறது. ஒன்று கொஞ்சம் முந்தினால் சாம்பலில் நீலம் அடிக்கும், இன்னொன்று முந்தினால் சிவப்பு அடிக்கும்.

ஆக, தொட்டி அதேதான். ஒரே தொட்டியில் ஒரே நாளில் மூன்று முறை போட்டு எடுக்கலாம். எண் தொட்டிக்கு அல்ல, அந்த ஒருமுறை போட்டு எடுத்ததற்கு. வீட்டில் இதற்குச் சொல் இருக்கிறதே. இட்லிப் பானை ஒன்றுதான். முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்கிறோம். மாவு ஒன்று, பானை ஒன்று, ஆனாலும் முதல் ஈடும் மூன்றாம் ஈடும் ஒன்றுபோல இருக்காது. ‘ஒரே ஈடு’ என்று எழுதுங்கள்.

ஆரணியிலிருந்து

குடியாத்தத்து ஐயாவின் சொல் அருமை. இலக்கணமும் ஒத்துவருகிறது: சுடு – சூடு, கெடு – கேடு, படு – பாடு போல இடு – ஈடு. ஒருமுறை இட்டு எடுத்தது ஈடு. வடைக்கும் முறுக்குக்கும் சொல்லும் சொல்தானே.

ஒரே ஓர் எச்சரிக்கை. முன்னால் ‘சாயம்’ சேர்த்துவிடாதீர்கள். சாயம் என்பதில் மகரம் கெட்டு, உடம்படுமெய் வந்து ‘சாயவீடு’ ஆகும். அதோடு எண்ணையும் சேர்த்தால் ‘சாயவீட்டெண்’. தபால்காரர் தேடிக்கொண்டு வந்துவிடுவார்.

‘தோய்ப்பு எண்’ணையும் இதே கையோடு தள்ளிவிடலாம். சேர்த்து எழுதினால் ‘தோய்ப்பெண்’. படிப்பவர் எந்தப் பெண் என்று கேட்பார்.

‘ஈடு’ தனியாகவே நிற்கட்டும். எண்ணோடு சேரும்போது வீட்டெண் போல ‘ஈட்டெண்’. அடமானத்துக்கும் ஈடு என்பதுண்டு, நட்டஈடும் உண்டு. நூல்கண்டுத் தாளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் ஈட்டெண் என்று இருந்தால் யாரும் அடகுக்கடைக்குப் போகமாட்டார்கள்.

ஆம்பூரிலிருந்து

லாட் சரக்கு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கடைக்காரரிடம் ‘ஈட்டெண் என்ன’ என்று கேட்டால் விழிப்பார். குறிப்பின் முதல் பக்கத்திலாவது ‘தாளில் டை லாட் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் எண்’ என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் சொல் வீட்டோடு நின்றுவிடும்.

வேலூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஈடு, ஈட்டெண் இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன். ஆம்பூர் ஐயா கேட்ட விளக்கம் முதல் பக்கத்தில் வரும். சதுரங்கள் இணைக்கும் போர்வைக்கான பகுதி இது:

“10 செ.மீ. சதுரம் ஐந்து பின்னுங்கள். கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஐந்தையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுங்கள். சுற்று முடிந்தபின் மறுபடி நிறுங்கள். முதலில் 25 கிராம், பிறகு 45 கிராம் என்றால் கடைசிச் சுற்றுக்குச் சதுரம் ஒன்றுக்கு 4 கிராம். 100க்கு 120 செ.மீ. போர்வைக்கு 120 சதுரம், ஆக 480 கிராம். இணைக்கவும் கரைக்கும் 100 கிராம் சேர்த்தால் 580. நூறு கிராம் கண்டு 6 போதும். 7 வாங்குங்கள், ஏழும் ஒரே ஈடு. உள்சுற்று நிறங்களுக்கு ஈடு பார்க்கத் தேவையில்லை, மிச்ச நூலே போதும்.

ஒரே ஈடு கிடைக்கவில்லையா? ஈடு மாறும் இடத்தில் எட்டுப் பத்து வரிசைக்கு, பழைய கண்டில் இரண்டு வரிசை, புதிய கண்டில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நூல் புறப்பட்ட ஓரத்துக்கே திரும்புவதால் வெட்ட வேண்டாம், ஓரமாகவே ஏற்றிக்கொள்ளலாம். வட்டமாகப் பின்னினால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. மாற்று ஈட்டில் ஒரே கண்டுதான் இருக்கிறது என்றால் அதைக் கரைக்கு ஒதுக்குங்கள். வடிவம் மாறும் இடத்தில் நிறம் மாறினால் கண் கண்டுபிடிக்காது.

கண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டிலும் நான்கு நான்கு வரிசை பின்னி, பகல் வெளிச்சத்தில் ஆறடி தள்ளி நின்று பாருங்கள்.”

கரும் சிவப்பும் வெள்ளையும் சேரும் இடத்துக்குச் சாயம் போகிறதா என்று பார்க்கும் வரியும் வைத்திருக்கிறேன்: நனைத்த நூலை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மேலே கனம் வைத்து, காயும் வரை விடுவது. உப்பும் வினிகரும் கலந்து ஊறவைக்கச் சொல்லலாமா?

குடியாத்தத்திலிருந்து

வேண்டாம்மா. வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்துக்கு உதவும். பருத்தியில் பட்டறையை விட்டு வந்தபின் ஒழுகுவது நூலோடு பிணையாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம். அதை நிறுத்த முடியாது, கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். சோப்பு போட்ட கொதிநீரில் கழியாகவே, அதாவது கண்டாகச் சுற்றாமல் நூல் வளையமாகவே அலசி, தண்ணீர் தெளியும் வரை மாற்றச் சொல்லுங்கள். பின்னிய பிறகு அல்ல, பின்னுவதற்கு முன். அக்ரிலிக் நூலுக்கு இந்தக் கொதிநீர் ஆகாது, தொய்ந்துவிடும். அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. கையால் சாயமிட்ட கழிகளுக்கு ஈட்டெண் இருந்தாலும் நம்ப வேண்டாம். ஒரே ஈட்டில் மேலே கிடந்த கழி ஒரு நிறம், அடியில் கிடந்தது ஒரு நிறம். அதற்கு முதல் வரிசையிலிருந்தே இரண்டு கழி மாற்றி மாற்றித்தான் பின்ன வேண்டும்.