கையால் வகுத்துப் பார்த்த ஒரு பகா எண்

அல்சூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பெங்களூரில் முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில், ஒரு நள்ளிரவில் தரவுத்தளத்தில் புதிய பதிவு எதுவும் ஏறாமல் நின்றுபோனது. கடைசிப் பதிவின் வரிசை எண் 2147483647. நேர், எதிர் இரண்டையும் ஏற்கும் (குறியுடைய) 32 பிட் முழு எண்ணுக்கு அதுவே உச்ச வரம்பு. 64 பிட்டுக்கு மாற்றிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பினேன்.

கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா அப்போது என்னோடு தங்கியிருந்தார். காப்பியை ஆற்றியபடியே எண்ணைக் கேட்டவர், "இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பகா எண் என்று 1772இல் கணித மேதை ஆய்லர் காட்டிவிட்டார். நாமும் கையால் போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

இதன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் 4700க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்க, அத்தனையாலும் வகுப்பது எப்படி என்று மலைத்தேன். அப்பா சொன்ன விளக்கத்தை இன்றுவரை மறக்கவில்லை. ஏதோ ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அந்த எண்ணால் வகுக்கும்போது 2இன் 31ஆம் அடுக்கு மீதி 1 தரும். 31 பகா எண், வகு எண்ணோ ஒற்றை எண்; ஆகவே அந்த வகு எண்ணில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 62இன் மடங்காகத்தான் இருக்க முடியும். மேலும், 32ஆம் அடுக்கு மீதி 2 தருவதால், 16ஆம் அடுக்கின் வர்க்கமாக 2 அமைந்துவிடுகிறது. அப்படி அமைய, வகு எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வந்தாக வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 தரும் எண்களே எஞ்சுகின்றன. அவை 370 சொச்சம். அவற்றிலும் பகு எண்களை நீக்கினால் ஏறத்தாழ 80.

முதல் எண் 311, மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. நாளுக்கு எட்டுப் பத்து வகுத்தல்களாக, கால்குலேட்டரைத் தொடாமல், கோடு போட்ட நோட்டில் அப்பா எழுதிக்கொண்டே போனார். மாலையில் நான் ஒவ்வொன்றையும் பெருக்கிச் சரிபார்த்தேன். ஒரே ஓரிடத்தில் மீதி பூஜ்யம் வந்து இருவரும் திடுக்கிட்டோம். கடன் வாங்கிக் கழித்ததில் நேர்ந்த பிழை அது. அந்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஜெயநகரிலிருந்து இன்னோர் உறுப்பினர்:

2இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால், அதில் ஒன்று கழித்து வரும் விடையும் பகா எண்ணாகிவிடும் என்று என் மகள் நம்பியிருந்தாள். 3, 7, 31, 127 வரை அது பொய்க்கவில்லை. உங்கள் அப்பாவின் முறையை 11ஆம் அடுக்குக்குப் பொருத்தி, 22இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களைப் பார் என்றேன். முதல் எண்ணான 23லேயே 2047 மீதியின்றி வகுபட்டது, ஈவு 89. அதுவும் 22இன் நான்கு மடங்கோடு ஒன்று என்பதை அவளே கண்டு சொன்னாள்.