மறுமொழி: ‘லூப் டிரெயில்’ – சுற்றுப்பாதையா, சுற்றுத்தடமா?

வணக்கம்.

கிளம்பிய இடத்துக்கே சுற்றிக்கொண்டு வரும் நடைவழியை ஆங்கிலத்தில் ‘லூப் டிரெயில்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ‘சுற்றுப்பாதை என்றே போட்டு முடித்துவிடலாமே’ என்று நேற்று ஒரு மடல் வந்ததும் இருக்க முடியவில்லை. சுற்றுப்பாதையைச் செயற்கைக்கோள்கள் எடுத்துக்கொண்டு போய் வெகுநாள் ஆகிறது. பாடப்புத்தகத்தில் கோள்களின் சுற்றுப்பாதை, செய்தியில் ‘சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தப்பட்டது’. நடக்க வழி தேடுகிறவர் அந்தச் சொல்லைத் தட்டினால் இஸ்ரோ ராக்கெட்தான் வந்து நிற்கும்.

போன அக்டோபரில் அம்மாவை அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள டால்கிராஸ் பிரெய்ரி தேசியக் காப்பிடத்துக்கு அழைத்துப் போனேன். பிரெய்ரி என்றால் புல் மண்டிக் கிடக்கும் பெருவெளி. 1996இல் அமைத்தது, ஏறக்குறைய 11,000 ஏக்கர். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் காட்டெருமை மேயும் மேட்டுப் பக்கம் போகாமல், ஃபாக்ஸ் கிரீக் ஓடைப் படுகையில் தட்டையாகப் போகும் பாட்டம்லேண்ட் டிரெயிலைப் பிடித்தோம். வரைபடத்தைப் பார்த்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “இது சுத்திக்கிட்டு வந்து காருகிட்டயே விட்டுருமா, இல்ல போன வழியே திரும்பி வரணுமா?”

நாம் தேடும் சொல்லுக்கு இதைவிட நல்ல வரையறை எனக்குத் தெரியவில்லை. கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும், நடந்த மண்ணை மறுபடி மிதிக்கக் கூடாது. இழையில் வந்த யோசனைகளில் ‘மீள்தடம்’ சரிப்படாதது இதனால்தான். போன வழியே திரும்புவதும் மீள்வதுதானே? அதை அவுட் அண்ட் பேக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ‘வட்டத்தடம்’ வேண்டாம், வட்டமாக ஒரு டிரெயிலை நான் பார்த்ததே இல்லை. ‘வலத்தடம்’ கேட்க அழகு, கிரிவலம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வலம் என்றாலே திசையும் கூடவே வந்துவிடும். நாங்கள் அன்று எதிர்த்திசையில் நடந்தோம். பாதி வழியில்தான் அம்மா கவனித்து, “அப்பிரதட்சணமா வர்றோமேடா” என்று சிரித்தார்.

‘இட்டேரி’ என்று ஒரு நண்பர் சொன்னது எனக்கும் பிடித்த கொங்குச் சொல், தோட்டங்களுக்கு நடுவே போகும் வழி. ஆனால் இட்டேரிக்கு இரண்டு பக்கமும் வேலி வேண்டும், பிரெய்ரியில் வேலிக்கு எங்கே போவது? ‘கொடிவழி’ என்றால் பாதி பேருக்கு வாரிசுப் பட்டியல்தான் கண்ணில் தெரியும்.

என் ஓட்டு சுற்றுத்தடத்துக்கு. கால் பட்டுப் பட்டு உண்டாவது தடம், போட்டு வைப்பது பாதை என்று என் காதுக்குப் படுகிறது. ஒற்றையடிப்பாதை இந்த விதியைக் காலால் மிதித்துவிட்டுப் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். பேருந்துக்கும் ‘தடம் எண்’ இருக்கிறதே என்றால், இருக்கட்டும், டிரெயிலுக்கும் எண் போடுகிறார்களே.

அப்புறம் பிரெய்ரி. அதைப் ‘புல்வெளி’ ஆக்குவதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். புல்வெளி என்றதும் நம் ஆளுக்குப் பூங்காவில் ‘புல்வெளியில் நடக்காதீர்’ என்ற பலகை ஞாபகம் வரும். அங்கே நான் பார்த்த பிக் புளூஸ்டெம் என்ற புல் என் தலைக்கு மேல் நின்றது. கதிர் மூன்றாகப் பிரிந்திருந்தது. அம்மா ஒன்றைப் பிடித்துப் பார்த்து, “கோழிக்கால் மாதிரி இருக்கு” என்றார். அந்த ஊர்க்காரர்களும் வான்கோழிக்கால் என்றுதான் அதைக் கூப்பிடுகிறார்கள். இந்தப் புல்லின் வேர் பத்தடி வரைகூட இறங்கும். வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கருக்கு இப்படிப் பரந்து கிடந்ததில் மிச்சம் நான்கு விழுக்காடுகூட இல்லை. இந்தக் காப்பிடம் இருக்கும் ஃபிளின்ட் ஹில்ஸ் மேடுகள் பிழைத்ததற்குக் காரணம், சுண்ணாம்புக் கல்லோடு கலந்து கிடக்கும் தீக்கல். அதில் ஏர் இறங்கவில்லை, மாடு மேய்க்க விட்டுவிட்டார்கள். ஓடைப் படுகையில் நல்ல மண் என்பதால் உழுதுவிட்டார்கள். நாங்கள் நடந்த பக்கம் இப்போது மறுபடி புல் விதைத்து மீட்டுக்கொண்டிருக்கிற இடம்.

அதனால் பிரெய்ரி பிரெய்ரியாகவே இருக்கட்டும் என்பேன். அதுவே பிரெஞ்சுச் சொல், ஆங்கிலமும் கடன்தான் வாங்கியிருக்கிறது. நம் பாடநூலும் ஸ்டெப்பி, பாம்பாஸ் வரிசையில் அதை அப்படியேதான் சொல்லிக்கொடுக்கிறது. டால்கிராஸ் என்பதற்கு மட்டும் ‘நெடும்புல்’ போடலாம். ‘உயர்புல்’ என்றால் ஏதோ உயர்ந்த சாதிப் புல் போல் ஆகிவிடும்.

மிச்சமிருப்பது லாலிபாப் லூப். கொஞ்ச தூரம் ஒரே வழி, அப்புறம் ஒரு சுற்று, மறுபடி அதே காம்பு வழியே திரும்புவது. ‘குச்சிமிட்டாய்த் தடம்’ என்று வந்த யோசனை மொழிபெயர்ப்பாகவே நிற்கிறது. நீளக் காம்பும் முனையில் சிரட்டையுமாக நம் வீட்டிலேயே அந்த வடிவம் தொங்கிக்கொண்டிருந்ததே, ‘அகப்பைத் தடம்’ என்றால் என்ன? சிரிப்பு வருகிறது என்று நிறையப் பேர் சொன்னால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.