கணவன் வீட்டில் துப்பாக்கி இருந்தால் கோர்ட் மூலம் வாங்கி வைக்க முடியுமா?

பென்னாகரம் தன்னார்வலர்:
வணக்கம். அமெரிக்காவில் குடும்ப வன்முறை வழக்குகளில் கோர்ட்டே துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கச் சொல்லுமாம். நம்ம பக்கம் காட்டோர ஊர்களில் காட்டுப்பன்றிக்கென்று லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கு, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும் இருக்கு. "சுட்டுடுவேன்" என்று மிரட்டுகிறவன் மேல் மனு போடும் பெண்ணுக்கு இங்கே என்ன வழி? லைசென்ஸ் மாமனார் பேரில் இருந்தால்?

தேன்கனிக்கோட்டை வக்கீல்:
வழி இருக்குங்க, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் துப்பாக்கி என்ற பேச்சே இல்லை. அந்தச் சட்டத்தின் 2006 விதிகளில் 10(1)(எஃப்) பாருங்க: மாஜிஸ்திரேட் எழுத்தில் உத்தரவிட்டால், பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிப்பவர்) போலீஸ் உதவியோடு, வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைக் கைப்பற்றலாம். எழுத்தில் உத்தரவு இல்லையென்றால் அவர் கை கட்டித்தான் நிற்கணும்.

அதனால் மனுவின் கோரிக்கையில் இப்படியே எழுதுங்க: "எதிர்மனுதாரர் வசமுள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி, தோட்டா, உரிமப் புத்தகம் ஆகியவற்றை உடனே இன்ன காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் பாதுகாப்பு அலுவலர் கைப்பற்ற வேண்டும்." ஸ்டேஷன் பேர் விடுபட்டால் உத்தரவு காகிதமாகவே கிடக்கும். நாட்டுத் துப்பாக்கி என்றால் கரிமருந்து, பால்ரஸ் குண்டையும் (சிறு இரும்பு உருண்டை) சேர்க்கணும்.

பெரிய ஆபத்து நோட்டீஸில்தான். சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி நோட்டீஸை அதிகபட்சம் 2 நாளிலோ மாஜிஸ்திரேட் அனுமதிக்கும் கூடுதல் நேரத்திலோ சார்வு செய்யணும், அதாவது எதிர்த்தரப்பிடம் சேர்க்கணும். துப்பாக்கி வீட்டில் இருக்கும்போதே அது அவன் கைக்குப் போய்ச் சேரும். எனவே அதே சட்டத்தின் 23(2) பிரிவில் படிவம் 3 பிரமாணப் பத்திரம் போட்டு, எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு கேளுங்க. சார்வும் கைப்பற்றலும் ஒரே நேரத்தில் நடக்கணும். மிரட்டிய தேதி, சொன்ன வார்த்தை, துப்பாக்கி வைத்திருக்கும் இடம் எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வரட்டும். "அடிக்கடி மிரட்டுகிறார்" என்று மொட்டையாக எழுதினால் நோட்டீஸ் போடச் சொல்லிவிடுவார்கள்.

ஓசூர்க்காரர்:
வக்கீல் சார் சொன்னதோடு ஆயுதச் சட்டத்தையும் பிடிங்க. லைசென்ஸ் கலெக்டர் கையில். அந்தச் சட்டத்தின் 17(3)(பி)-படி பொதுப் பாதுகாப்புக்காக அதை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ அவருக்கு அதிகாரம் உண்டு. மகளிர் ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றதற்குத் தரும் சீட்டு) இணைத்துக் கலெக்டருக்கு மனு கொடுங்க. லைசென்ஸ் மாமனார் பேரில் இருந்தாலும் இது பொருந்தும். கோர்ட் மனுவில் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம்.

22-ஆவது பிரிவு இன்னும் கூர்மை: லைசென்ஸ் உள்ள துப்பாக்கியாகவே இருந்தாலும், ஒருவர் கையில் விட்டுவைப்பது பொது அமைதிக்கு ஆபத்து என்று கருதினால், மாஜிஸ்திரேட் காரணத்தைப் பதிவு செய்துவிட்டுத் தேடிக் கைப்பற்றச் சொல்லலாம்.

லைசென்ஸ் இல்லாததற்கு இவ்வளவு சுற்று வேண்டாம், வைத்திருப்பதே குற்றம். வழக்கு நடத்த 39-ஆவது பிரிவின்படி கலெக்டர் அனுமதி வேணும். பறிமுதலுக்கு அது தடையில்லை. ஒன்று மட்டும்: அந்தப் பெண்ணே துப்பாக்கியை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. வழியில் பிடிபட்டால் கேள்வி அவர் மேல்தான் திரும்பும். இடத்தைச் சொன்னால் போதும்.

(அமெரிக்கா பற்றி: தடையுத்தரவு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே 1994 சட்டம். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை 8-1 என்று உறுதி செய்தது. யார் போய் வாங்குவது என்ற தலைவலி அங்கேயும் தீரவில்லை.)

பென்னாகரம் தன்னார்வலர்:
நன்றிங்க சார். சமாதானம் ஆயிட்டோம்னு சொல்லி அவன் திரும்ப வாங்கிட மாட்டானா?

தேன்கனிக்கோட்டை வக்கீல்:
முயற்சி பண்ணுவான். "மனுதாரருக்கு அறிவிப்பு தராமல், நீதிமன்ற உத்தரவின்றித் திருப்பித் தரக் கூடாது" என்ற வரியையும் கோரிக்கையில் சேருங்க. பாதுகாப்பு உத்தரவை மீறினால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு: 1 வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், ஜாமீனில் விட முடியாத குற்றம். உத்தரவு நகல் இலவசம். ஸ்டேஷனுக்கு ஒன்று, கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று கொடுத்து முத்திரை வாங்கி வையுங்க. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். ராத்திரி நேரத்தில் மிரட்டல் என்றால் மனுவை மறந்துட்டு 112 அல்லது 181 அடிக்கச் சொல்லுங்க.