பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் உறுப்பினராகியிருக்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் நம் பொறுப்பு. இதுவரை என்னிடம் கேட்டதோ நோட்டில் ஒரு கையெழுத்து மட்டும்.

என் பெரிய கவலை வாசிப்புதான். நான்காம் வகுப்பில் என் மகளோடு படிக்கும் சில பிள்ளைகள் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். டீச்சர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பள்ளியில் 86 பிள்ளைகள், இரண்டே டீச்சர்கள், ஐந்து வகுப்பு. 61 முதல் 90 பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர் வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது.

குழுத் தீர்மானம் போட்டு மூன்றாவது ஆசிரியரைப் பெற்ற பள்ளி ஏதாவது உண்டா? தீர்மானத்தை எப்படி எழுதினீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள்?

அப்புறம் மானியம். நம் அளவுப் பள்ளிக்கு, மத்திய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவில் வருடத்துக்கு 25,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்கு. மீதியில் கதைப் புத்தகம் வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் நகல் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.