தோட்டத்துச் சிற்றூரில் குடியேறியவர்களுக்கு: சந்தை, கீரை, மீன், அடுப்பு

மலேசியாவுக்குக் குடும்பத்தோடு புதிதாக வந்து, கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இல்லாமல் தோட்டப்பகுதிச் சிற்றூரில் வீடு அமைந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் பால்மரங்கள். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையே அதிகம். ஊரில் தமிழ் கேட்காத தெரு இல்லை. ஆனால் சமையலறை மட்டும் புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் அந்நியமாகவே இருக்கிறது.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: நாட்டு அவரை எங்கே கிடைக்கும், கோவைக்காய் எங்கே, சின்னக் கத்தரிக்காய் எங்கே? ஈப்போவுக்குப் போனால் கிடைக்கலாம். வாடிப்போய், விலையும் ஏறித்தான் கிடைக்கும். அந்தத் தேடலை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. என்ன குழம்பு என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். சந்தையில் அன்று எது குவிந்து கிடக்கிறதோ, அதைக் கையில் எடுத்த பிறகு குழம்பை முடிவு செய்யுங்கள். குடும்பத்துக்கு நல்ல சாப்பாடும் கிடைக்கும், பணமும் மிஞ்சும்.

இங்கே கோடை, குளிர் என்று இல்லாததால் காய்களுக்குப் பருவமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. முட்டைக்கோஸ், தக்காளி, பீன்ஸ், கொத்தமல்லி எல்லாம் பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்குபவை. அங்கே தொடர்மழை என்றால் இங்கே தக்காளி விலை ஏறும், இலைக்காய்கள் அழுகிய ஓரங்களோடு வரும். அந்த வாரங்களில் மலைக்காய்களை விட்டுவிட்டுச் சமவெளிக் காய்களுக்கு மாறுங்கள். பீர்க்கங்காய், பாகற்காய், வெண்டைக்காய், நீளமான பயத்தங்காய், மரவள்ளி, வாழைப்பூ ஆகியவை அக்கம்பக்கத்திலேயே விளைபவை. காலையில் பறித்தது அன்றே கைக்கு வரும். பயத்தங்காயை வளைத்துப் பாருங்கள்; படக்கென்று உடைந்தால் வாங்குங்கள், பஞ்சுபோல் மடங்கினால் வைத்துவிடுங்கள்.

வாரத்தில் ஒரு மாலை கூடும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கு ஐந்து மணிக்கே போய்விடுவது நல்லது. கடை கட்டும் நேரத்தில் ‘லோங்கோக்’ என்று குவியல் குவியலாக மலிவாகத் தருவார்கள். குவியலின் அடியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கீரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஆண்டு முழுவதும் குறையாத செல்வம் அதுதான். ‘பாயாம்’ என்று கேட்டால் தண்டுக்கீரையும் சிவப்புக்கீரையும் தருவார்கள். ‘காங்கோங்’ நம் வள்ளைக்கீரை. மலாய்க்கார மாக்சிக் (அத்தை, பெரியம்மா வயதுப் பெண்) சிறு கட்டாகக் கட்டி விற்கும் ‘பெகாகா’ நம் வல்லாரையேதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்து அன்றைக்கே சம்பல் போட்டுவிடலாம்.

எல்லாவற்றிலும் நான் உயர்வாக நினைப்பது சாயூர் மானிஸ். தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்று சிலர் வளர்க்கிறார்களே, அதுதான். தோட்டத்து வீடுகளில் வேலியாகவே நிற்கும். இலைகளை உருவி, கையால் நன்றாகக் கசக்கி, இரண்டு முறை அலசுங்கள். கழுவி வடித்த நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய காய்ந்த மிளகாய் போட்டு வதக்கிக் கீரையைச் சேருங்கள். கீரை சுருண்டதும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, இறக்கும்போது நெத்திலியைத் தூவுங்கள். கீரை என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகளும் இதைச் சாப்பிடுகிறார்கள். நெத்திலியிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்து உப்புப் போடுங்கள். சைவ வீடுகளில் வேகவைத்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் உடல் இளைப்பதற்காக அப்படிக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சமைத்து, மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். மரவள்ளிக் கொழுந்துக்கும் எச்சரிக்கை உண்டு. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இடித்தோ பொடியாக நறுக்கியோ, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே தாளிக்க வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கின் அருமையை இங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். 1941 டிசம்பர் முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் இந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். அந்தக் காலத்தின் பேரப்பிள்ளைகளான அக்காமார்களுக்கு இதை எப்படிச் சமைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலை ஆழமாகச் சீவி, நடு நரம்பை எடுத்து, உப்புப் போட்டு நன்றாக வேகவைத்து வடியுங்கள். கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துத் தேங்காய்ப்பூவோடு பிரட்டினால் மாலைப் பசிக்கு அதைவிட வேறு வேண்டாம். மீன்குழம்பு மிஞ்சியிருந்தால் இரவுச் சாப்பாடே அதுதான்.

மீன் என்றதும் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் தேடாதீர்கள், விலை அதிகம். அன்றாடச் சமையலுக்குக் கெம்போங் மீன்தான் நல்லது. நம் ஊர்க் கடற்கரையில் கானாங்கெளுத்தி, அயிலை என்பார்கள், இலங்கையில் கும்பளா. கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும், வயிற்றை அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விளக்கு வைத்துப் பிடிக்கும் படகுகளுக்கு இவ்வகை மீன் குறைவாகவே விழும், விலை கூடும். அந்த நாட்களில் முட்டைக் குழம்போ கருவாடோ வைத்துக்கொள்ளுங்கள்.

குழம்புக்குப் புளி கரைப்பதற்குப் பதில் ‘அசாம் கெப்பிங்’ கேட்டு வாங்கிப் பாருங்கள். மெல்லிய வில்லைகளாக உலர்த்தியது, குடம்புளிக்கு நெருங்கிய இனம். அரைக் கிலோ மீனுக்கு இரண்டு வில்லை போதும். புளிப்பு இறங்கியதும் வெளியே எடுத்துவிடுங்கள், கிடக்க விட்டால் மறுநாள் குழம்பு வாயில் வைக்க முடியாது. பக்கத்து வீட்டில் பிலிம்பிக்காய் மரம் இருந்தால் இன்னும் நல்லது. நான்கைந்து காயைக் கீறிப் போட்டால் தக்காளிகூட வேண்டாம்.

இனி, நீங்கள் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

கொத்தமல்லி வாங்கினால் ரசத்தில் வேறு வாசனை வருகிறது என்று கேட்டவருக்கு: நீங்கள் வாங்கியது பெரும்பாலும் ‘தாவுன் சுப்’, அதாவது சூப்பில் போடும் செலரி இலை. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், ஒரே இடத்தில்தான் வைத்திருப்பார்கள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு வாங்குங்கள். ‘தாவுன் கெத்தும்பார்’ என்று கேட்டால் சரியானதையே தருவார்கள்.

தேங்காயைப் பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். கடையிலேயே இயந்திரத்தில் துருவித் தருவார்கள், பாலும் பிழிந்து தருவார்கள். சட்னிக்கு ‘பாருட் பூத்தே’ என்று சொல்லுங்கள். பழுப்புத் தோலைச் சீவிவிட்டு வெள்ளையாகத் துருவித் தருவார்கள். பிழிந்த பாலைக் காலையில் வாங்கி மதியத்துக்குள் சமைத்துவிட வேண்டும். இந்த வெக்கையில் அது மாலைவரை தாங்காது. அதனால் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் வைக்காதீர்கள். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, முட்டை வைத்த ரொட்டி போதும்.

பெரிய வெங்காயம் சில மாதங்களில் ஏன் இப்படி விலை ஏறுகிறது என்பதும் நல்ல கேள்வி. இங்கே விற்கும் சிவப்புப் பெரிய வெங்காயத்தில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2024 மே மாதத்தில்தான் அதை நீக்கியது. அப்படிப்பட்ட காலங்களில் ‘ஹாலந்து வெங்காயம்’ என்கிற மஞ்சள் வெங்காயத்தைப் பயன்படுத்துங்கள். இனிப்பும் நீரும் அதிகம் என்பதால் பொன்னிறமாக வதங்க நேரமாகும். மிளகாயைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கென்று சிலி பாடியைக் கைநிறைய அள்ளிப் போட வேண்டாம். அந்தச் சிறிய மிளகாய் ஒன்று நம் பச்சை மிளகாய் மூன்று நான்குக்குச் சமம்.

இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடுகிறது என்று எழுதிய தங்கைக்கு: பெங்களூர்க் கணக்கு இங்கே செல்லாது. இரவிலும் வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. மாவை இரவு பத்து மணிக்கு வெளியே வைத்தால் விடியுமுன் பொங்கியிருக்கும். அரைக்கும்போது குளிர்ந்த நீரைச் சேருங்கள், வெந்தயத்தைக் குறையுங்கள், பொங்கியவுடன் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். தயிரும் அப்படித்தான், நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும்.

அதே தங்கை, காலை நேரம் போதவில்லை என்றும் எழுதியிருந்தார். இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஆனால் தமிழ்ப்பள்ளி ஏழரைக்கே தொடங்கிவிடும். இருட்டிலேயே அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்களின் வீடுகளில் பல தலைமுறைகளாக இதுதான் வழக்கம். அவர்களைப் போலக் காயை முந்தின இரவே நறுக்கி, கீரையை ஆய்ந்து துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் ஒரு கறி, ஒரு சோறு. ரசமும் அப்பளமும் மதியம் பார்த்துக்கொள்ளலாம். விடியற்காலையில் மூன்று கறி சமைத்துத் தன்னை வருத்திக்கொள்ளும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பிள்ளைக்குச் சூடான ஒரு கறி போதும் அம்மா.

வற்றலும் வடகமும் போட நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இறங்க வேண்டாம். பிற்பகல் இடிமழை தவறாமல் வரும். பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் வெயில் ஓரளவு நம்பத்தக்கது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை பழக்காலம். டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான், லங்சாட் எல்லாம் ஒன்றாகக் குவியும். சமையலுக்கு அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்தது செம்படாக் கொட்டை. பலாக்கொட்டைக்குத் தம்பி என்று சொல்லலாம். உப்பு நீரில் வேகவைத்துத் தோலுரித்து, முருங்கைக்காயோடு சாம்பாரில் போடுங்கள். மாவாகக் கரைந்து குழம்பே கெட்டிப்படும். பழம் தின்ற வீடுகளில் கொட்டையைத் தூக்கி எறிவார்கள். கேட்டால் தருவார்கள். பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு வடையோ ஒரு கரண்டி பாயசமோ போதும்.

கடைசியாக, ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டு வரலாமா என்று கேட்டவருக்கு. கூடாது. செடி, விதை, பழம், இறைச்சி எதையும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டு வந்தால், அதிகாரிகள் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள். அதற்குத் தேவையும் இல்லை. எந்தத் தோட்டத்து வீட்டிலும் கறிவேப்பிலை மரத்தடியில் வேர்க்கன்றுகள் முளைத்து நிற்கும். அந்த வீட்டு அக்காவிடம் கேட்டு, ஒரு முழ உயரக் கன்றை வேரோடு எடுத்து நடுங்கள். முருங்கைக்குக் கை பருமனுள்ள கிளையை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, தண்ணீர் தேங்காத மேட்டில் ஊன்றுங்கள். சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலைக்கு அந்தக் கவலை இல்லை, குழாயடி ஈரமே போதும். கறிவேப்பிலையை மட்டும் முதல் ஆண்டு அதிகம் கிள்ளாதீர்கள். அதுவரை அக்கா வீட்டு மரம் இருக்கிறது.