நர்ஸ் ஒரு ஆர்டரை நிறுத்தி வைக்கலாமா?

இரவுப்பணி_சிஸ்டர்:
சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் இரவு ஒன்றரை மணிக்கு ஒரு அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது. நல்ல காய்ச்சல், பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. கன்சல்டன்ட் போனில் சொன்ன ஆர்டர்: பிப்டாஸ் ஆன்டிபயாடிக், உடனே. மருந்தைக் கலந்து ட்ரேயில் வைத்துவிட்டு, "ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டேன். கூட இருந்த மகள், "முன்னாடி பென்சிலின் ஊசி போட்டப்போ உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுத்துச்சு சிஸ்டர்" என்றார்.

பிப்டாஸும் பென்சிலின் வகைதான். ட்யூட்டி டாக்டரிடம் சொன்னேன். "பெரிய சார் சொன்ன ஆர்டரை நான் எப்படி மாத்துறது? குடுங்க சிஸ்டர்" என்றார். நான் கொடுக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து ஐசியூ டாக்டர் வந்து வேறு ஆன்டிபயாடிக் எழுதினார். காலை ரவுண்ட்ஸில், அந்த அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே நின்று கன்சல்டன்ட் கேட்டார்: "ஆர்டர் போடுறது நானா, நீங்களா?"

நான் செய்தது தவறா?

மூத்த_சர்ஜன்:
மருந்தைக் கொடுக்காமல் விட்டது சரிதான் சிஸ்டர். ஆனால் இதை வைத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் ஆர்டரை நிறுத்தலாம் என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் அது ஆபத்து. செப்டிக் ஷாக், அதாவது கிருமித்தொற்றால் பிரஷர் விழுவது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயாக வேண்டும். அதில் நாற்பது நிமிடம் போய்விட்டது. ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் பீறிடும்போது ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும், முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். அப்புறம், மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு என்று வந்தால் நோட்டீஸில் முதல் பெயர் என்னுடையது. பதில் சொல்ல வேண்டியவன் நான், முடிவெடுப்பது பத்துப் பேர் என்றால் எப்படி?

மயக்கவியல்_டாக்டர்:
முடிவு ஒருவருடையது என்பதில் எனக்கும் சம்மதம் சார். ஆனால் முடிவெடுப்பவருக்குத் தெரியாத விஷயம் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்கிறது, அவர் சொல்லப் பயப்படுகிறார். இதற்கு என்ன வழி?

2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவை சிகிச்சை செக்லிஸ்டில் 19 அம்சங்கள். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. நான் இருந்த ஒரு தியேட்டரில் யாருக்கும் பெயர் கிடையாது. "தம்பி, லைட்டைத் திருப்பு", "ஏம்மா, சக்‌ஷன்", அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை வெள்ளைப் பலகையில் அன்றைக்கு உள்ளே இருப்பவர்களின் பெயரை எழுதினோம். மூன்றாவது கேஸ், வயிற்றை மூடப் போகிறோம். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், "சார், ஒரு மாப் குறையுது" என்றாள். மாப் என்றால் ரத்தம் ஒற்றும் துணி. சர்ஜன் பலகையைப் பார்த்து, அவள் பெயரைச் சொல்லி, "திரும்ப எண்ணும்மா" என்றார். எண்ணினாள். கல்லீரலுக்குக் கீழே இருந்தது. அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை எனக்கு.

மூத்த_சர்ஜன்:
செக்லிஸ்ட் என்றதும் எல்லோரும் அதைச் சோதித்துப் பார்த்த எட்டு நகர ஆய்வைத்தான் சொல்வார்கள், டெல்லியும் அதில் உண்டு. மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது, உண்மைதான். ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவந்த பிறகு பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவு: சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. தாளில் டிக் அடித்தால் யாரும் பிழைத்துவிட மாட்டார்கள் டாக்டர்.

மயக்கவியல்_டாக்டர்:
நானும் அதையேதான் சொல்கிறேன் சார். கேஸ் முடிந்த பிறகு மேஜையில் உட்கார்ந்து மொத்தமாக டிக் அடிக்கும் தியேட்டரை நானே பார்த்திருக்கிறேன். வாய்விட்டுப் பேசினால்தான் அதற்குப் பயன்.

முன்னாள்_ட்யூட்டி_டாக்டர்:
அந்த ட்யூட்டி டாக்டரை யாரும் திட்ட வேண்டாம். நான் அந்த நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன். முதல் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சந்தேகத்துக்காகக் கன்சல்டன்டைக் கூப்பிட்டேன். "இதுக்கெல்லாமாய்யா எழுப்புவ?" என்று போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் போனைக் கையில் எடுப்பேன், எண்ணைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். மருந்து தெரியாமல் இல்லை. பயம்.

ஒன்_நாட்_எய்ட்_தம்பி:
நான் 108 ஆம்புலன்ஸில் ஈஎம்டி, நோயாளியைக் கவனிப்பவன். எங்கள் வண்டியில் இரண்டே பேர்தான். எந்த ரூட் என்பது வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் முடிவு, ஸ்ட்ரெச்சரில் நடப்பது என் முடிவு. ஒருமுறை கத்திப்பாரா தாண்டி ஒரு பெரியவருக்கு நாடி நின்றுவிட்டது. "அண்ணா, ஓரம் கட்டுங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் கட்டினார், பின்னால் ஏறி வந்தார். நெஞ்சை அழுத்துவதில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்துவிடும். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். அந்த நேரத்தில் நான் சொன்னதை அவர் கேட்டார்.

இரவுப்பணி_சிஸ்டர்:
சர்ஜன் சார், நாற்பது நிமிடம் என்றீர்கள். அது எங்கே போனது என்று சொல்கிறேன். ட்யூட்டி டாக்டரிடம் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. எங்கள் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் கன்சல்டன்டை நேரடியாகக் கூப்பிடக் கூடாது. நைட் சூப்பர்வைசர் வழியாகத்தான் போக வேண்டும். அவர் வேறு மாடியில் ரவுண்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அட்டெண்டர் அண்ணனை மேலே அனுப்பினேன். சூப்பர்வைசர் வந்து, யோசித்து, ஐசியூ டாக்டரைக் கூப்பிட்டு, அவர் கையில் இருந்த நோயாளியை விட்டு வர வேண்டும். அவ்வளவு நேரமும் ஐவி ஃப்ளூயிட் ஓடவிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்சல்டன்ட் எண் என்னிடம் இருந்து, கூப்பிட அனுமதியும் இருந்திருந்தால் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் நிறுத்தியதால் ஆன தாமதம் இல்லை சார் அது.

மூத்த_சர்ஜன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை சிஸ்டர். எங்கள் வார்டிலும் அதே விதிதான், நான் யோசித்ததே இல்லை. என் எண்ணை நர்ஸ் ஸ்டேஷனில் ஒட்டச் சொல்கிறேன், அலர்ஜி விஷயம் என்றால் எந்நேரமும் நேரடியாகக் கூப்பிடலாம் என்று எழுதி. ஆனால் ஒன்றில் நான் மாற மாட்டேன். நோயாளி எதிரில் டாக்டரைக் கேள்வி கேட்கக் கூடாது. அவர்களுக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

இரவுப்பணி_சிஸ்டர்:
நோயாளி எதிரில் நான் எதுவும் கேட்கவில்லை சார். கேட்டது கன்சல்டன்ட். அந்த அம்மா அப்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.